அகழ்வாராய்ச்சியும் பொதுமக்களும்

பெரிய காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியில் பிள்ளையார்பாளையம் என்னும் பகுதி உள்ளது. அங்கு வாழ்வோருள் பலர் பட்டு நெசவாளர். அவர்தம் வீடுகள் பலவற்றில் கூடத்தில் தறியும், தறியின் கீழ் ஒரு குழியும் காணப்படும். நெசவாளர் தரையில் அமர்ந்து, கால்களைக் குழியில் தொங்கவிட்டு, மிதிகளை மிதித்து நெய்வர். இதனாலேயே இதற்குக் குழித்தறி என்று பெயர் வந்தது. வீடு கட்டுவோர் கடைக்காலுக்கு மண் தோண்டுவது போலவே, தறி போடுவோர் தறிக்குழிக்கும் மண் தோண்டுவர்.

காஞ்சியில் மண்ணைத் தோண்டுதல் சிறு செயல் அன்று. இன்றைய காஞ்சி பழைய காஞ்சியின் மேல் அமர்ந்திருக்கிறது. தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட காஞ்சியைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீன நாட்டு யாத்திரிகர் ஹியூன்-சாங் இந்நகரைப் பற்றித் தம் குறிப்பில் எழுதினார். பல்லவ மன்னர் கற்கோயில்களை எடுத்தனர். அக்கற்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அக்காலத்து மக்கள் வாழ்ந்த வீடுகளும், பொருள் விற்ற அங்காடிகளும், துறவிகள் தங்கிய பள்ளிகளும் மரத்தாலும் மண்ணாலும் செங்கல்லாலும் ஆனவை. அவை இடிந்து மேடாயின. மேட்டின்மேல் மறுபடியும் வீடுகள் எழுந்தன, அவையும் இடிந்தன, அவற்றின்மேல் வேறு வீடுகள் எழுந்தன. ஆதலின் காஞ்சியில் ஒருவர் மண்ணைத் தோண்டுங்கால் கடப்பாரை பழைய ஓட்டின்மேல் படுமாயின், அது வியப்புக்குரியது அன்று.

அங்ஙனம் பட்டால் அவர் என்ன செய்வார்? ஓடுதானே என்று மண்ணோடு மண்ணாக வாரித் தெருவில் கொட்டலாம். அரிய பொருளாயிருக்குமோ என்று ஐயுற்று, அரசாங்கத்தார் வந்து வேலையை நிறுத்திவிடுவர் என அஞ்சி, ஒருவருக்கும் தெரியாமல் மூடிவிடலாம். அல்லது, அறிந்தாரிடம் சென்று சொல்லலாம். இம்மூன்றனுள் அவர் எதனைச் செய்கிறார் என்பதைப் பொறுத்தே அத்தெருவின் பழைய வரலாறு தெரிவதும் மறைவதும் அமையும்.

காஞ்சியில் நடந்த அகழ்வுகள்

அறிஞர்கள் காஞ்சியின் மண்ணை அகழாமல் இருந்துவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்பொருள் துறையினர் இங்கு அகழ்ந்தனர். 1969-70 ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் டி. வி. மகாலிங்கம் தலைமையில் காமாட்சியம்மன் கோயிலை அடுத்த பகுதிகளில் அகழ்ந்தனர். 1970-71இல் மாநிலத் தொல்பொருள் துறையினர் பல்லவர்மேட்டில் அகழ்ந்தனர். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான மட்கலங்கள், கடல்கடந்த வாணிகத்தைக் காட்டும் ரௌலட் ஓடுகள், அடி குறுகிய கூம்பு வடிவச் சாடிகள், சாதவாகனர் காலத்துக் காசுகள் ஆகியன இந்நகரில் கிடைத்தன. பல்லவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு ஒரு பெருநகர் இருந்தது என்பது, பாட்டினால் மட்டுமன்றி, மண்ணினாலும் உறுதியாயிற்று.

ஆயினும் இவ்வகழ்வுகள் எத்துணைப் பரப்புடையன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நகர் பெரிது, அகழ்ந்த குழிகளோ சில. குடியிருப்புகள் நெருங்கிய ஊரில் ஆராய்ச்சியாளர் விரும்பிய இடத்தில் எல்லாம் அகழ இயலாது. யாருடைய வீட்டை இடித்துவிட்டு அகழ்வது? கோயிலை ஒட்டிய வெற்றிடம், தோட்டம், திடல் ஆகிய இடங்களில் மட்டுமே அகழலாம். அங்கும் வேலை முடிந்தபின் குழியைத் திறந்தபடியே விட்டுவைத்தல் அரிது. ஆராய்ச்சியாளர் சில திங்கள் தங்கி அகழ்ந்து செல்வர். ஊராரோ ஆண்டு முழுவதும், ஏதேனும் ஒரு தெருவில், ஏதேனும் ஒரு காரணம் பற்றித் தோண்டிக்கொண்டே இருப்பர். கடைக்கால், கிணறு, கழிவுநீர்க் கால்வாய், குடிநீர்க் குழாய், தறிக்குழி என அவர் தோண்டும் குழிகளுக்குக் கணக்கில்லை. காஞ்சியின் மண்ணை மிகுதியாகக் காண்போர் அறிஞர் அல்லர், ஊராரே ஆவர்.

இக்காரணத்தால், காஞ்சி போன்ற ஊர்களில் பொதுமக்களை அகழ்வாராய்ச்சியில் சேர்த்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் சலுகை அன்று. அவர்கள் இல்லாமல் ஆராய்ச்சியே நடவாது. அறிஞரும் ஊராரும் கூடிச் செய்யும் இம்முயற்சிக்குப் பொதுத் தொல்லியல் என்றும் மக்கள் தொல்லியல் என்றும் பெயர் வழங்குகிறது. அமெரிக்க நாட்டில் மக்கிம்சி என்பார் 1972இல் பொதுத் தொல்லியல் என்னும் பெயராலேயே ஒரு நூல் எழுதினார். அதன் பின்னர் உலகின் பல நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் பெருகின. பொருட்காட்சிச்சாலைகள் திறக்கப்பட்டன, பள்ளி மாணவர் அகழ்விடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர், ஊரார் அகழ்வில் பங்கு கொண்டனர். முயற்சிகள் பெருகவே, வேறொரு வினாவும் எழுந்தது. இவற்றால் விளைந்த பயன் யாது? அதனை எவ்வாறு அளந்தறிவது?

கீழடியில் விளைந்தவை

இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குத் தமிழ்நாட்டில் கீழடியைவிடச் சிறந்த இடம் இல்லை. கீழடி, சிவகங்கை மாவட்டத்தில் மதுரைக்குத் தென்கிழக்கே, வைகையின் தென்கரையை அடுத்து உள்ள சிற்றூர். ஊரின் அருகே பள்ளிச்சந்தைத் திடல் என்னும் மேடு உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 110 ஏக்கர். அதன்மேல் தென்னந்தோப்புகள் வளர்ந்திருந்தன.

அகழ்வு தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே, 1970களில், அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஊரில் மண் தோண்டியபோது கிடைத்த பழம்பொருள்களை மாணவர் வாயிலாக அறிந்தார். அவற்றின் அருமையை உணர்ந்து தொல்பொருள் துறைக்குத் தெரிவித்தார். பின்னர் 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரை நெடுக ஆய்ந்து, தொன்மை வாய்ந்த 293 இடங்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றான கீழடியில் 2015இல் அமர்நாத் இராமகிருஷ்ணா என்பாரின் தலைமையில் அகழ்வு தொடங்கிற்று. செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்வை ஏற்று நடத்தியது. நான்காம் கட்ட அகழ்வில் மட்டும் 5,820 பொருள்கள் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் அக்கட்டத்தில் கிடைத்தவை.

மண்ணிலிருந்து பொருள் வெளிவந்தது போலவே, மக்களிடமிருந்து ஓர் ஆர்வமும் வெளிவந்தது. பொருள்களை மைசூருக்குக் கொண்டு செல்லலாகாது என்று 2016இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019இல் ஐந்தாம் கட்ட அகழ்வு நடந்தபோது, குழிகளைக் காண மக்கள் திரள் திரளாக வந்தனர். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும், கோலூன்றி வந்த முதியோரும் குழியின் ஓரத்தில் நின்று உறைகிணற்றை எட்டிப் பார்த்தனர். 2023 மார்ச்சு 5ஆம் நாள் கீழடியில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டுக் கட்டடப் பாணியில் அமைந்த அதற்கு ஏறத்தாழ 18 கோடி ரூபாய் செலவாயிற்று.

இவை கண்கூடான வெற்றிகள். திருவிழாவிற்கும் திரைப்படத்திற்கும் கூடும் கூட்டம் ஓட்டாஞ்சில்லைக் காணக் கூடிற்று என்றால், அது தமிழ்நாட்டில் முன்பு நிகழாத ஒன்று எனலாம். ஆனால் வந்தவர் தொகையே பயனின் அளவு ஆகுமா? பதினாயிரம் பேர் வந்தனர் என்பது, பதினாயிரம் பேர் வாயிலைக் கடந்தனர் என்பதையே காட்டும். அவர் எதனை அறிந்து சென்றனர் என்பதை அத்தொகை காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கீழடியில் கிடைத்த ஆறு கரித்துண்டுகள் அமெரிக்க நாட்டின் மயாமி நகரில் உள்ள ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205ஐச் சேர்ந்தது என்றும் ஆய்வு தெரிவித்தது. 2019இல் மாநிலத் தொல்லியல் துறை இம்முடிவை வெளியிட்டது. அகழ்விடத்தைக் கண்டு திரும்பும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர், “நம் நாகரிகம் மிகப் பழமையானது” என்று பெருமிதத்தோடு சொல்கிறார். மற்றவர், “எரிந்த கரியில் உள்ள ஒருவகைக் கரியணு காலப்போக்கில் தேய்கிறது, எஞ்சியதை அளந்து காலத்தைக் கணித்தனர், ஆழத்தில் கிடைத்த கரி பழமையானதாகவும் மேலே கிடைத்த கரி பிந்தியதாகவும் இருப்பதால் மண்ணடுக்குக் குலையவில்லை என்று தெரிகிறது” என்கிறார். பெருமிதம் இருவர்க்கும் உண்டு. அறிவு இரண்டாமவர்க்கே வாய்த்தது. நாளை வேறொருவர் வந்து, இல்லாத பழமையை ஏற்றிச் சொன்னாலும், உள்ள பழமையை மறுத்துச் சொன்னாலும், முதலாமவர் இரண்டையும் நம்பக்கூடும். இரண்டாமவரோ, “எந்த ஆழத்தில் கிடைத்த கரி?” என்று கேட்பார். மக்கள் தொல்லியலின் பயனை அளக்கப் புகுவோர் இவ்விரண்டாமவரின் தொகையையே தேட வேண்டும். அத்தொகை வாயிற்சீட்டுக் கணக்கில் இராது.

அளக்கும் முறைகள்

அதனை அறிதற்கு வழிகள் உண்டு. மாணவரை அகழ்விடத்திற்கு அழைத்துச் செல்வதற்கு முன் சில வினாக்களைக் கேட்டு விடைகளை எழுதி வைத்தல் வேண்டும். திரும்பியபின் அவ்வினாக்களையே மீண்டும் கேட்க வேண்டும். இம்மட்டோடு நின்றுவிடின் போதாது. ஏனெனில் அன்று மாலையில் யாருக்கும் எல்லாம் நினைவில் இருக்கும். ஓராண்டு கழித்து மூன்றாம் முறையும் கேட்டல் நன்று. எழுதத் தெரியாத சிறுவரிடம் ஒரு படம் வரையச் சொல்லலாம். மண்ணுக்குள் புதையற்குடத்தை மட்டும் வரைந்த சிறுவன், பின்பு மண்ணை அடுக்கு அடுக்காக வரைவானாயின், அவன் கற்றுக்கொண்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வந்தவரை வினவுவதோடு, வாராதவரையும் வினவ வேண்டும். இதனை மறப்போர் பலர். காட்சிச்சாலைக்கு வந்தவர் பெரும்பாலும் முன்பே ஆர்வம் உடையவர். அவர், “மிக நன்று” என்றே சொல்வர். பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும் ஒருநாளும் உள்ளே வாராதவர் ஏன் வரவில்லை என்பதே அறியத்தக்கது. கூலி வேலையை விட்டு வர இயலவில்லையா? நமக்குரிய இடம் அன்று என்று எண்ணினாரா? தம் தோப்பை அகழ்வுக்குத் தந்து, குழி மூடப்பட்டபின் மீண்டும் பெற்றுக்கொண்ட உழவர் என்ன நினைக்கிறார்?

அகழ்விடத்தில் கூலிக்கு வேலை செய்வோரைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். மண்ணை மெல்லச் செதுக்குவோரும், சல்லடையில் சலிப்போரும், கூடையில் சுமப்போரும் அவ்வட்டாரத்து ஆடவரும் பெண்டிருமே ஆவர். பொருளை முதலில் காணும் கண் பெரும்பாலும் அவர்களுடையது. சில திங்கள் வேலை செய்தபின், மண்ணின் நிறம் மாறுவதை அவர்கள் கைத்திறத்தாலேயே அறிவர். சாம்பல் கலந்த மண் எது, குழி வெட்டி நிரப்பிய மண் எது என்று சொல்வர். அகழ்வு முடிந்ததும் அவர்கள் வயல் வேலைக்குத் திரும்புகின்றனர். ஊரில் தங்கிவிட்ட இத்திறமை அகழ்வின் விளைவுகளுள் ஒன்றன்றோ? ஆயினும் அறிக்கைகளில் பானைகளின் தொகை இருக்கும் அளவுக்கு, பழகிய கைகளின் தொகை இருப்பதில்லை.

அறிக்கை என்றதும் ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வருகிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள அவ்வூரின் தாழிக்காட்டை 1876இல் செர்மானியரான யாகோர் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். அடுத்து அலெக்சாந்தர் இரீ என்பார் அகழ்ந்தெடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-05இல் மீண்டும் அகழ்வு நடந்தது. அதன் முழு அறிக்கையோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் வெளிவராமல் இருந்தது. மூன்று முறை தங்கள் மண்ணை அகழக் கண்ட ஊரார்க்கு, அம்மண் சொன்ன செய்தி வந்து சேர நூறாண்டுக்கு மேலாயிற்று. 2023இல்தான், அகழ்ந்த இடத்திலேயே தாழிகளைக் காணும் வசதி ஏற்பட்டது. ஊரார் இடமும் உழைப்பும் தந்து, பயனை மட்டும் பெறாமல் இருப்பது முறையாகாது. ஆகவே அகழ்வு முடிந்து எத்தனை ஆண்டுகளில் அறிக்கை வந்தது, அது ஊரார் படிக்கும் மொழியில் வந்ததா என்பனவும் அளவுகோலில் குறிக்கத்தக்கவை.

அறிவித்தலும் அச்சமும்

பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிக்கு மீண்டும் வருவோம். கடப்பாரை ஓட்டில் பட்ட வீட்டுக்காரர் யாரிடமேனும் சொல்ல வேண்டுமாயின், இரண்டு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: தாம் கண்டது பழம்பொருள் என்பது ஒன்று, சொன்னால் தமக்குக் கேடு வாராது என்பது மற்றொன்று. முன்னதைப் பள்ளியும் காட்சிச்சாலையும் கற்பிக்கலாம். பின்னது கடினம்.

கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. மழை வருமுன் சுவர் எழ வேண்டும். தறி நின்றால் குடும்பத்தின் வருவாய் நிற்கும். அவர் நாட்டுப்பற்று இல்லாதவர் அல்லர். தம் குடும்பத்தை நினைக்கின்றார். புதையல் பற்றிய சட்டம் இந்தியாவில் 1878இல் இயற்றப்பட்டது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்புப் பத்து ரூபாய்க்கு மேற்படின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அச்சட்டம். கண்டெடுத்தவர்க்கும் நிலத்துக்குடையவர்க்கும் உரிய பங்கினையும், அரசு எடுத்துக்கொள்ளின் தரவேண்டிய விலையினையும் அச்சட்டமே வகுத்துள்ளது. இதனை அறியாமையால் எழும் அச்சமும் உண்டு. மேலும் ஒன்று: சட்டம் பொருளின் விலையைக் கொண்டு கணக்கிடுகிறது. சந்தையில் காலணாவும் பெறாத ஓட்டாஞ்சில்லில் ஒருவன் பெயர் பொறித்திருக்குமாயின், வரலாற்றுக்கு அது பொற்காசினும் சிறந்தது. பொன்னைக் கண்டால் ஊரே அறியும். ஓட்டைக் கண்டால் யார் அறிவார்?

இங்கிலாந்து நாட்டினர் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கு 1996இல் இயற்றிய சட்டம் பழைய பொன், வெள்ளிப் பொருள்களைக் கண்டோர் அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. காட்சிச்சாலை அவற்றை எடுத்துக்கொண்டால் கண்டவர்க்கும் நிலத்துக்குரியவர்க்கும் பரிசில் கிடைக்கும். சட்டம் தொடாத சிறுபொருள்களுக்காக 1997இல் ஒரு தனித்திட்டம் தொடங்கினர். வட்டாரந்தோறும் ஓர் அலுவலர் இருப்பார். உழவர், தோட்டக்காரர், வயல்களில் உலோகம் தேடித் திரிவோர் எனப் பலரும் தாம் கண்ட பழங்காசையோ ஊசியையோ அவரிடம் காட்டுவர். அவர் படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பொருளை அவரிடமே திருப்பித் தந்துவிடுவார். பொருளைப் பறிக்காமையால் அச்சம் நீங்கிற்று. இன்றுவரை பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. ஆராய்ச்சியாளர் பலர் அப்பதிவுகளைக் கொண்டு, எந்த ஊரில் எக்காலத்தில் மக்கள் வாழ்ந்தனர் என்று நிலப்படங்கள் வரைந்துள்ளனர்.

ஆனால் இத்திட்டத்தையும் குறை கூறுவோர் உளர். கருவிகொண்டு வயல்களைத் துருவுவோர்க்கு இது ஊக்கம் அளித்துவிட்டது என்றும், பதிவான பொருள்களைப் போலவே பதிவாகாமல் மறைந்தவையும் மிகுதியாகலாம் என்றும் அவர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. புகழ் பரவிய இடத்தில் திருடரும் நுழைவர். ஆகவே நல்ல மதிப்பீடு என்பது நன்மைகளோடு இத்தகைய தீமைகளையும் மறைக்காமல் எழுதுவது. பணம் கொடுத்தவரை மகிழ்விக்க எழுதிய அறிக்கையில் எல்லாம் வெற்றியாகவே இருக்கும். அதனைப் படித்து அடுத்த ஊரார் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்றும் இராது.

பள்ளியில் ஒரு பெட்டி

இராமநாதபுர மாவட்டத்தில் திருப்புல்லாணி என்னும் ஊரின் அரசு மேனிலைப்பள்ளியில், தொன்மைப் பாதுகாப்பு மன்றம் ஒன்று 2010 ஆம் ஆண்டளவில் தோன்றியது. மாணவர் பழைய தமிழ் எழுத்துகளைப் படிக்கவும், கல்வெட்டைத் தாளில் படியெடுக்கவும் பயின்றனர். தம் ஊர்ப்புறங்களில் கண்ட ஓடுகளையும் செங்கற்களையும் அறிந்து சொல்லினர். இத்தகைய மன்றங்கள் தமிழ்நாட்டில் வேறு பள்ளிகளிலும் உள்ளன.

மன்றங்களின் பணியை மதிப்பிட வருவோர் பெரும்பாலும் பள்ளியின் கண்ணாடிப் பெட்டியைக் காண்பர். அதில் எத்தனை ஓடுகள் என்று எண்ணுவர். ஈண்டு ஒரு தவறு நேரக்கூடும். நூறு ஓடுகள் உள்ள பெட்டி ஐந்து ஓடுகள் உள்ள பெட்டியினும் சிறந்தது என்று தோன்றும். நூறு ஓடுகளில் ஒன்றுக்கும் கிடைத்த இடம் குறிக்கப்படவில்லையாயின், அவை மண்ணிலேயே கிடந்திருப்பினும் நன்றாயிருக்கும். ஏனெனில் இடத்தை விட்டுப் பிரிந்த ஓடு பேச்சிழந்த ஓடு. ஐந்து ஓடுகளின் பக்கத்தில், “இன்ன வாய்க்காலின் வடகரை, தரையிலிருந்து இரண்டடி ஆழம், இன்ன நாள்” என்று ஒரு சீட்டு இருக்குமாயின், அந்த ஐந்தும் பேசும். ஓட்டை எடுக்காமல், இருந்த இடத்திலேயே விட்டு, ஆசிரியரை அழைத்து வந்து காட்டிய மாணவன் இன்னும் சிறந்தவன். அவனது செயலால் பெட்டியில் ஒன்றும் சேராது. ஆதலின் பெட்டியை மட்டும் எண்ணுவோர்க்கு அவன் புலப்படமாட்டான்.

கைலாசநாதர் கோயிலிலும் இதனைப் போன்றதொரு செய்தி உண்டு. அக்கோயிலின் திருச்சுற்று மாடங்களில் பல்லவர் காலத்து ஓவியங்கள் இருந்தன. பிற்காலத்தார் அவற்றின்மேல் சுதை பூசினர். கெடுக்கும் எண்ணத்தோடு பூசினார் அல்லர். கோயிலைப் புதுப்பிக்கும் அன்பினால் பூசினர். 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அவற்றின் எச்சங்களைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். அன்பு மட்டும் பழம்பொருளைக் காவாது என்பதற்குக் காஞ்சியே சான்றாய் நிற்கிறது. இன்றும் ஊர்க் கோயிலைத் திருப்பணி செய்வோர் கல்வெட்டின்மேல் வண்ணம் தீட்டுவதும், மணல் வீசிக் கல்லைத் தேய்ப்பதும் உண்டு. மக்கள் தொல்லியல் நடந்த ஓர் ஊரில், பத்தாண்டு கழித்து நடக்கும் திருப்பணியின்போது கல்வெட்டுகள் முன்னரே படியெடுக்கப்படுகின்றனவா என்று சென்று பார்த்தால், அம்முயற்சி பயன் தந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

காலமும் ஓர் அளவுகோல் ஆகும். கீழடி ஆசிரியர் சொன்ன சொல்லுக்கும், அங்கு முதற்குழி வெட்டிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் சென்றன. அவரிடம் பயின்ற மாணவர் பெற்றோராகித் தம் மக்களையும் பள்ளிக்கு அனுப்பி முடித்தனர். கீழடி திடலாகவும் தோப்பாகவும் இருந்தமையால், 40 ஆண்டு காத்திருந்தும் மண் கலையாமல் இருந்தது. காஞ்சியில் அவ்வாறு காத்திருக்க இயலாது. கடைக்காலுக்குத் தோண்டிய குழி ஒரு கிழமைக்குள் கற்களால் நிரம்பிவிடும். குழாய்க்கு வெட்டிய பள்ளம் மாலைக்குள் மூடப்படும். இங்கு ஒருவர் சொன்ன சொல்லுக்கு ஓரிரு நாளில் விடை வராவிட்டால், அடுத்தவர் சொல்ல முன்வரமாட்டார்.

பல்லவர்மேட்டில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆராய்ச்சியாளர் அங்குப் பெருங்குழி ஒன்று வெட்டுதல் இனி எளிதன்று. ஆனால் அங்கும், காமாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த தெருக்களிலும், பிள்ளையார்பாளையத்திலும் சிறு குழிகள் நாள்தோறும் வெட்டப்படுகின்றன. அவற்றில் தோன்றுவனவற்றைக் குறிக்க ஒரு பள்ளியில் ஓர் ஏடு இருந்தால் போதும். தெருவின் பெயர், நாள், ஆழம், கண்டது, கண்டவர் என்று பத்திகள் கோடிட்டு, வலப்புறம் கடைசியில் இன்னும் ஒரு பத்தி விட வேண்டும். துறையிலிருந்து ஆள் வந்து பார்த்த நாளை எழுதுவதற்கு உரியது அது.